தைராய்டு அறுவையும் மூன்றாம் நாள் கவனிப்பும்

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சுரங்கக் கம்பெனியின் ஆஸ்பத்திரி என்றால் இன்றைக்கும் ஒரு தனி மரியாதை உண்டு. சாம்பியன் ரீஃப்பில் இருந்த அந்த வைத்தியசாலையில் சுரங்கத் தொழிலாளியும் அவர் குடும்பத்தாரும் கைக்காசு செலவில்லாமல் சிகிச்சை பெற்றார்கள். வைத்தியம் செய்தவரும் வைத்தியம் செய்துகொண்டவரும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்தபடியால், தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகும் நோயாளியின் க்ஷேமலாபம் டாக்டரின் செவிக்கு எட்டிக்கொண்டே இருந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோருடைய பிழைப்பு போயிற்று என்பதை எழுதாத பத்திரிகை இல்லை. வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையே இருந்த அந்தத் தொடர்ச்சி அறுந்துபோனதைப் பற்றி எழுதியவர்கள் சொற்பம்.

இன்று தங்கவயலில் ஒரு பெண்மணிக்குக் கழுத்தில் கட்டி தென்பட்டால், அவர் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குப் போகிறார். அல்லது கோலாரை அடுத்த தமாகாவில் உள்ள மருத்துவக் கல்லூரிக்குப் பஸ்ஸில் செல்கிறார். இல்லாவிட்டால் பங்காருப்பேட்டை வழியாகக் காட்பாடி சென்று வேலூரில் இறங்குகிறார். அறுவை நடக்கிறது, இரண்டொரு நாளில் வீடு திரும்புகிறார். சஸ்திர சிகிச்சை நடந்த இடம் வெளியூரில் இருக்க, அதன் விளைவுகள் ஆண்டர்சன்பேட்டையிலோ ஊரிகத்திலோ உள்ள ஒரு லைன் வீட்டில் தலைகாட்டுகின்றன. தைராய்டு அறுவையினால் வரும் சிக்கல்களைக் குறைப்பதற்கான பாதி வேலை அறுவைக்கூடத்துக்கு வெளியே இருக்கிறது என்பதும், அந்தப் பாதியைச் செய்வதற்கு நம் ஊரில் இன்னும் ஏற்பாடில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பின்கவனிப்பின் மகிமையை இந்த அறுவையின் சரித்திரமே போதிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் முன்கழுத்துக் கழலையை அறுத்தெடுக்க முற்படுவது சாகசமென்றும் பாபமென்றும் ஐரோப்பிய வைத்தியர்களாலேயே தூற்றப்பட்டது. ரத்தப் பெருக்கினாலும் சீழினாலும் நோயாளிகள் மேசையிலேயோ மறுவாரத்திலேயோ மாண்டார்கள். மயக்க மருந்தும், கிருமி நாசினியும், ரத்தக் குழாயைப் பற்றிக்கொள்ளும் இடுக்கியும் வந்த பிறகு, 1872இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பேராசிரியரான தியோடோர் கோக்கர் என்பவர் இக்கலையைச் செம்மைப்படுத்தினார். அவர் தம் ஆயுளில் செய்த தைராய்டு அறுவைகள் 5,000க்கும் மேல். ஆரம்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் உயிரைக் குடித்த அறுவை, அவருடைய கடைசிக் காலத்தில் நூற்றுக்கு ஒருவரைக்கூடக் கொல்லாத நிலைக்கு வந்தது. 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் கோக்கருடைய மிகப் பெரிய பாடம் கத்தியினால் கற்றதன்று. தைராய்டுச் சுரப்பியை முழுவதும் அகற்றிய தம் பழைய நோயாளிகளை அவர் திரும்பவும் வரவழைத்துப் பார்த்தார்; அவர்களில் மிகுதியானோர் முகம் வீங்கி, புத்தி மந்தமாகி, குளிரில் நடுங்கி, நடையும் பேச்சும் தளர்ந்து போயிருந்ததைக் கண்டு திகைத்து, 1883இல் அதைப் பகிரங்கமாக அறிவித்தார். தையல் நன்றாக ஆறிவிட்டது என்ற திருப்தியோடு அவர் நின்றிருந்தால், உயிர் வாழ்வதற்குத் தைராய்டு எவ்வளவு அவசியம் என்ற உண்மை அவருக்குப் புலப்பட்டிருக்காது. 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற வைத்தியர் ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்தி அத்தகைய தளர்ச்சிக்குப் பரிகாரம் கண்டார். இன்று நம் வீடுகளில் காலையில் விழுங்கப்படும் தைராய்டு மாத்திரைக்கு அதுவே ஆதி மூலம்.

இதே காலத்தில் வியன்னாவில் அறுவை செய்த பில்ரோத் என்ற மேதையின் நோயாளிகளுக்கு வேறொரு விபரீதம் நேர்ந்தது; அவர்களுக்குக் கைகால் இழுத்துக்கொண்டு வலிப்புப் போல வந்தது. இருவரிடமும் பழகிய அமெரிக்க அறுவை நிபுணர் ஹால்ஸ்டெட், இந்த வேற்றுமையை விளக்கினார்: கோக்கர் நிதானமாகவும் சுத்தமாகவும் அறுத்துச் சுரப்பியை மட்டும் முழுதாக எடுத்தார், பில்ரோத் வேகமாக அறுத்தபோது சுரப்பியின் துணுக்குகள் சில பின்தங்கிவிட, அதன் அண்டையில் இருந்த வேறொன்று கூடவே போய்விட்டது. அந்த வேறொன்றுதான், ரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் காக்கும் பாராதைராய்டு. லண்டன் மிருகக்காட்சிசாலையில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்டு ஓவன் என்பவர்தாம் அதை முதலில் கண்டார். மனித சரீரத்தில் அது இருப்பதை 1880இல் ஸ்வீடனைச் சேர்ந்த சாண்ட்ஸ்ட்ரோம் என்ற மருத்துவ மாணவர் விவரித்தார். அதை இழந்தால் வரும் இழுப்பைக் கால்சியம் கொடுத்து நிறுத்தலாம் என்பது 1909இல்தான் நிரூபணமாயிற்று.

சிக்கல்கள் எங்கிருந்து வருகின்றன என்பது சுரப்பியின் அண்டை அயலைப் பார்த்தாலே விளங்கும். சுரப்பியின் பின்புறத்தில், பெரும்பாலோருக்கு நான்கு பாராதைராய்டுகள், ஒவ்வொன்றும் ஒரு துவரம்பருப்பு அளவில், பழுப்பு மஞ்சள் நிறத்தில், சுற்றியுள்ள கொழுப்பினின்றும் எளிதில் வேறு பிரித்தறிய முடியாதபடி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மெல்லிய ரத்தக் குழாய் ஒன்று துண்டிக்கப்பட்டாலே அவை செயலிழந்துவிடும். சுரப்பிக்கும் மூச்சுக்குழலுக்கும் இடையிலோ குரல்நாணை அசைக்கும் நரம்பு ஓடுகிறது. இந்த நரம்பின் போக்கு விசித்திரமானது. அது கழுத்திலிருந்து மார்புக்குள் இறங்கி, இடப்பக்கத்தில் இருதயத்திலிருந்து புறப்படும் மகா தமனியையும், வலப்பக்கத்தில் தோளுக்குப் போகும் தமனியையும் சுற்றிக்கொண்டு, மறுபடியும் மேலேறிக் குரல்வளையை அடைகிறது. ஒரு பக்க நரம்பு பழுதானால் குரல் கம்மும். இரு பக்கமும் பழுதானால் மூச்சே முட்டும். இவற்றோடு, இறுக்கமான கழுத்துக்குள் ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது.

இந்த மூன்றையும் குறைக்க முதல் உபாயம், அவசியமில்லாத அறுவையைத் தவிர்ப்பது. கழுத்தை அழுத்தி மூச்சையும் விழுங்குவதையும் தடுக்கும் கழலை, புற்றுநோய், அல்லது அதன் பலமான சந்தேகம், மருந்துக்குக் கட்டுப்படாத அதிதைராய்டு ஆகியவை அறுவைக்கு நியாயமான காரணங்கள். ஸ்கேனில் தற்செயலாகத் தென்பட்ட ஒரு சிறு கட்டி மாத்திரம் காரணமாகாது. தென்கொரியாவில் அவரவர் இஷ்டத்துக்குக் கழுத்தை ஸ்கேன் செய்துகொள்ளும் வழக்கம் பரவியதால், 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டுப் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டோர் விகிதம் 15 மடங்காயிற்று. அந்நோயால் இறந்தவர்கள் விகிதமோ மாறவேயில்லை. அறுவை செய்துகொண்டவர்களில் 100க்கு 11 பேருக்குப் பாராதைராய்டு குறைபாடும், 100க்கு 2 பேருக்குக் குரல்நாண் வாதமும் வந்தன. 2014இல் அந்நாட்டு வைத்தியர்களே பகிரங்கமாக எச்சரித்த பிறகு அறுவைகள் வெகுவாகக் குறைந்தன. ஜப்பானில் கோபே நகரத்துக் குமா மருத்துவமனை, ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத, அபாயக் குறிகளற்ற புற்றுக்கட்டிகளை அறுக்காமல் கண்காணித்து வரும் முறையை 1993லேயே தொடங்கிவிட்டது. அறுவை தேவையான இடத்திலும், குறைந்த அபாயமுள்ள புற்றுக்கு ஒரு மடலை மட்டும் எடுத்தால் போதும் என்ற நிலை இருக்குமானால், மறுபக்கத்து நரம்பும் பாராதைராய்டுகளும் தீண்டப்படாமல் பிழைக்கின்றன.

இரண்டாவது உபாயம், கத்தி பிடிக்கும் கை எது என்று கேட்பது. அமெரிக்காவில் ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் கணக்கை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, வருஷத்துக்கு 25 முழுத் தைராய்டு அறுவைகளுக்கு மேல் செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைகின்றன என்று காட்டியது. வருஷத்துக்கு ஒன்றே ஒன்று செய்கிறவர்களும் அந்தக் கணக்கில் ஏராளமாக இருந்தார்கள். நம் தேசத்தில் லக்னோவின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ விஞ்ஞானக் கழகம், சென்னை மருத்துவக் கல்லூரி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இதற்கெனத் தனித் துறைகளே இருக்கின்றன; அத்துறைகளில் பயின்றவர்களும், இந்த அறுவையையே மிகுதியாகச் செய்து கை தேர்ந்த பொது அறுவை, காது மூக்கு தொண்டை நிபுணர்களும் பல ஊர்களில் இருக்கிறார்கள். ஆகவே நோயாளி, தம் டாக்டரிடம், வருஷத்துக்கு எத்தனை தைராய்டு அறுவை செய்கிறீர்கள், எத்தனை பேருக்குக் குரல் போயிற்று, எத்தனை பேர் நிரந்தரமாகக் கால்சியம் சாப்பிடுகிறார்கள் என்று விநயமாகக் கேட்கலாம். கணக்கு வைத்திருக்கும் நிபுணர் அதைக் கேட்டுச் சந்தோஷமே அடைவார்.

மூன்றாவது, முன்னேற்பாடு. அறுவைக்கு முன்பே லாரிங்கோஸ்கோப் மூலம் குரல்நாண்களின் அசைவைப் பார்த்துவிட வேண்டும். கட்டியே நரம்பைப் பாதித்திருந்தால் நோயாளிக்குத் தெரியாமலே ஒரு பக்கம் செயலிழந்திருக்கக்கூடும். அதிதைராய்டு உள்ளவர்களுக்கு மருந்தால் அதை நிதானத்துக்குக் கொண்டுவந்த பிறகே கை வைக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுவை நேரத்திலோ அதற்குப் பிறகோ உயிருக்கே உலை வைக்கும் தைராய்டுக் கொந்தளிப்பு வரும். கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றின் அளவைச் சோதித்து, குறைந்திருந்தால் முன்கூட்டியே ஈடு செய்ய வேண்டும்; வெயில் காய்கிற தேசமாக இருந்தும் நம்மவர்களிடம் வைட்டமின் டி குறைபாடு சர்வசாதாரணம். தங்கவயலுக்கு மாத்திரம் உரிய ஒரு விசேஷ ஜாக்கிரதையும் இங்கே சொல்லத் தகும். பூமிக்கு அடியில் வருஷக்கணக்கில் கல்தூசியைச் சுவாசித்து சிலிகோசிஸ் வாங்கிக்கொண்டு வந்த முதியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக் கழலை அறுவை தேவைப்படுமானால், தாம் எத்தனை வருஷம் எந்த ஷாஃப்ட்டில் வேலை பார்த்தார் என்பதை மயக்க மருந்து நிபுணர் கேளாமலே அவரிடம் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே சுருங்கிய நுரையீரலுக்குக் குரல்நாண் வாதமும் சேர்ந்தால் தாங்காது.

அறுவைக்கூடத்தில் நடப்பதை நோயாளி பார்ப்பதில்லையாயினும், அங்கே கடைப்பிடிக்க வேண்டிய தர்மம் இன்னதென்று அறிந்திருப்பது நல்லது. நரம்பைத் தொடாமல் தப்பிப்பதைவிட, அதைத் தேடிக் கண்டு கண்ணெதிரே வைத்துக்கொண்டு அறுப்பதே பாதுகாப்பு என்று 1938இல் பாஸ்டனைச் சேர்ந்த லாஹி நிலைநாட்டினார்; இன்று நரம்பின் உயிர்ப்பை மின்சாரத் தூண்டலால் சோதிக்கும் கருவியும் உண்டு. இரு பக்கமும் அறுக்க வேண்டிய இடத்தில், முதற்பக்கத்து நரம்பு பதில் சொல்லாமற் போனால், அன்றைக்கு அத்துடன் நிறுத்திக்கொண்டு மறுபக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்வதே விவேகம். பாராதைராய்டின் ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றச் சுரப்பியின் உறையை ஒட்டியே பிரிப்பதும், கருத்துப்போன பாராதைராய்டைச் சிறு துணுக்குகளாக்கிக் கழுத்துத் தசைக்குள் பதியன் வைப்பதும், எடுத்த சுரப்பியை வெளியே அனுப்புமுன் அதன் முதுகில் பாராதைராய்டு ஒட்டியிருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பதும் நல்ல அறுவையின் லட்சணங்கள்.

அறுவை முடிந்த முதல் இரவுக்கு உரிய பயம் ரத்தக் கட்டு. இது நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கே வருகிறது. ஆனால் வந்தால் நிமிஷக் கணக்கில் மூச்சை அடைத்துவிடும். முக்கால்வாசி ரத்தக் கட்டுகள் முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிடுவதால், அந்த ஒரு நாள் ஆஸ்பத்திரியை விட்டு அசையக்கூடாது. கழுத்து இறுகுகிறது, விழுங்க முடியவில்லை, படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று நோயாளி சொன்னால், அதை வெறும் பயம் என்று தள்ளிவிடாத நர்ஸ் வேண்டும். பிரிட்டிஷ் வைத்திய சங்கங்கள் சில ஆண்டுகளுக்கு முன் வகுத்த விதி மிகத் தெளிவானது: பெரிய டாக்டர் வரும்வரை காத்திராமல், படுக்கையருகிலேயே தையலை வெட்டி, தோலையும் தசையையும் திறந்து, கட்டிய ரத்தத்தை வெளியேற்றி, துணி வைத்து அழுத்த வேண்டும். அதற்கான கத்தரியும் இடுக்கியும் அடங்கிய பெட்டி ஒன்று நோயாளியின் தலைமாட்டிலேயே இருக்க வேண்டும் என்பதும் அவ்விதியின் பகுதி.

பயமெல்லாம் தீர்ந்ததென்று நோயாளி வீடு வந்த பிறகே, கால்சியம் தன் வேலையைக் காட்டத் தொடங்குகிறது. முழுச் சுரப்பியும் எடுக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத் தற்காலிகமாகக் கால்சியம் குறைகிறது. அது மிகவும் தாழ்வது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம், நான்காம் நாட்களில். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் மதமதப்பு. விரல் நுனிகளில் ஊசி குத்துவதுபோல் ஓர் உணர்வு. பிறகு கை தானாக மடங்கி, கட்டை விரல் உள்ளங்கைக்குள் போய், விரல்கள் குவிந்து விறைத்துக்கொள்கின்றன. காதுக்கு முன்னால் கன்னத்தைத் தட்டினால் உதட்டோரம் துடிக்கிறது. இதைக் கண்ட வீட்டார், பத்தியச் சாப்பாட்டினால் வந்த பலவீனம் என்றும், வாயு என்றும், நரம்புத் தளர்ச்சி என்றும் எண்ணிச் சுக்குக் கஷாயம் கொடுத்து இரவைக் கழிப்பார்களாயின், விடிவதற்குள் வலிப்போ இருதயத் துடிப்பில் கோளாறோ வந்துவிடலாம். இதற்குத் தேவையான பரிகாரமோ மிக எளியது: ரத்தத்தில் கால்சியம் பார்க்கும் ஒரு சோதனை, சிரையில் மெதுவாகச் செலுத்தும் கால்சியம் குளுக்கோனேட் ஊசி, அதைச் செலுத்தும்போது இருதயத்தைக் கவனிக்க ஓர் ஈ.சி.ஜி. கருவி. நடுநிசியிலும் இந்த மூன்றும் கிடைக்கும் இடம் எது என்பதை வீட்டார் முன்னதாகவே அறிந்திருக்க வேண்டும். அறுவை முடிந்த சில மணிகளில் பாராதைராய்டு ஹார்மோனைச் சோதித்தால், யாருக்கு இந்த அபாயம் வரக்கூடும் என்பதை ஏறக்குறைய முன்னரே ஊகித்து, அவர்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொள்ளவும் முடியும்.

பிறகு வருவது நெடுநாள் வாழ்க்கை. முழுச் சுரப்பியையும் இழந்தவர் ஆயுள் முழுவதும் தைராய்டு மாத்திரை சாப்பிட வேண்டும். அதை வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணியேனும், கூடுமானால் ஒரு மணியேனும் முன்பாகத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் சேர்த்து விழுங்குகிறவர்கள் நம்மிடையே அநேகர். கால்சியம் தைராய்டு மருந்தைக் குடலில் சேரவொட்டாமல் தடுத்துவிடுவதால், இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி அவசியம். கால்சியத்தையும் வைட்டமின் டியையும் வைத்தியரைக் கேளாமல் வருஷக்கணக்கில் தொடர்வதும் தவறு. ரத்தத்தில் கால்சியம் மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். குரல் கம்மலோ, உரக்கக் கூப்பிட முடியாமையோ, தண்ணீர் குடிக்கும்போது புரையேறுவதோ சில வாரங்களில் சரியாகாவிட்டால், தொண்டை நிபுணரிடம் போய்க் குரல்நாணை மறுபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். தற்காலிக வாதம் பல மாதங்களில் தானே தீருகிறது. பேச்சுப் பயிற்சியால் பலன் உண்டு. நிரந்தர வாதத்துக்கும் இன்று சிகிச்சை இருக்கிறது. குரலை வைத்துப் பிழைக்கும் ஆசிரியைக்கும், வண்டியில் காய்கறி கூவி விற்கும் பெண்ணுக்கும் இது ஜீவனோபாயப் பிரச்சினை.

ஆக, செய்ய வேண்டியவை என்ன? அறுவை செய்யும் பெரிய மருத்துவமனைகள், ஆங்கிலத்தில் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியோடு, தமிழிலும் கன்னடத்திலும் ஒரே ஒரு பக்கத்தில், எந்த அறிகுறி வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் எங்கே போக வேண்டும் என்று அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். நோயாளி எந்த ஊருக்குத் திரும்புகிறார் என்று கேட்டு, நான்கு மணி நேரப் பயணத் தூரத்திலிருப்பவரை இரண்டாம் நாளே அனுப்பிவிடாமல், கால்சியம் நிலைத்த பிறகு அனுப்ப வேண்டும். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் போனில் விசாரிக்க வேண்டும். 2018இல் தொடங்கிய ஆரோக்கிய கர்நாடகா போன்ற அரசுத் திட்டங்களை நடத்துபவர்கள், அறுவைக்குப் பணம் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அறுவைக்குப் பிந்திய சோதனைகளுக்கும் குரல் பரிசோதனைக்கும் பொறுப்பேற்க வேண்டும். பிரிட்டனில் தைராய்டு அறுவை நிபுணர்கள் தங்கள் சிக்கல்களின் கணக்கைத் தாங்களே திரட்டி வெளியிடுவதைப் போல, நம் மருத்துவக் கல்லூரிகளும் வருஷத்துக்கொருமுறை வெளியிட வேண்டும்.

தங்கவயலுக்கு நாம் கேட்பது இதைவிட அற்பமானது. கொரோனா பரவிய 2021இல், இருபது ஆண்டுகள் பூட்டிக்கிடந்த சுரங்க ஆஸ்பத்திரிக் கட்டடத்தை ஊர்க்காரர்களே கூடிப் பெருக்கிக் கழுவி நோயாளிகளுக்காகத் திறந்தார்கள். மனமிருந்தால் இவ்வூரில் காரியம் நடக்கும் என்பதற்கு அது சாட்சி. இப்போது புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். ராபர்ட்சன்பேட்டையில் உள்ள அரசு மருத்துவமனையில் இரவிலும் கால்சியம் பார்க்கும் சோதனைக்கூடமும், தயாராக வைக்கப்பட்ட கால்சியம் குளுக்கோனேட் ஊசியும், வாரத்துக்கொருமுறை குரல்நாண் பார்க்கத் தொண்டை நிபுணர் ஒருவரும், அறுவை செய்துகொண்டு திரும்பியவர்களின் பெயரை எழுதி விசாரிக்கும் ஒரு பதிவேடும் இருந்தால் போதும். மாவட்ட சுகாதார அதிகாரியும், நம் நகரசபையும், சட்டமன்ற உறுப்பினரும் இந்த நான்கையும் இந்த வருஷத்திலேயே செய்து தர வேண்டும்.